பூனை வாசலில் போட்ட எலி

பூனை ஒரு எலியைக் கவ்வி வந்து வாசலில் போட்டால் பிள்ளைகள் "எங்களுக்குப் பரிசு கொண்டு வந்திருக்கு" என்று துள்ளுவார்கள். பெரியவர்கள் தும்புத்தடியைத் தேடுவார்கள். சில வீடுகளில் கதை இன்னும் தூரம் போகும். எங்கோ கிடந்த எலும்பையோ துணித்துண்டையோ பூனை கொண்டு வந்து போட்டிருக்கும். "யாரோ எங்களுக்குச் செய்து வைத்திருக்கிறார்கள்" என்று பக்கத்து வீட்டோடு கதை பேச்சே நின்றுவிடும்.

இந்த மூன்றுமே பிழை என்பதுதான் என் கருத்து.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்வோம். பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு. 1976இல் வெளிவந்த ஓர் ஆய்வில், விருப்பமான உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகளுக்கு முன்னால் எலியை விட்டுப் பார்த்தார்கள். அவை சாப்பாட்டை விட்டுவிட்டுப் போய் எலியைக் கொன்றன. அதைத் தூக்கி வந்து சாப்பாட்டுத் தட்டருகே வைத்துவிட்டு, பழைய உணவையே திரும்பவும் தின்றன. ஆகவே "வயிறு நிறையப் போட்டும் எலி பிடிக்குதே" என்று ஏசுவதில் நியாயமில்லை.

அப்படியானால் ஏன் வீட்டுக்குக் கொண்டு வருகிறது? நம் பூனையின் மூதாதை ஆபிரிக்கக் காட்டுப்பூனை. தனியாக வேட்டையாடும் சின்னப் பிராணி அது. பிடித்ததை இன்னொன்று பறித்துவிடாத இடத்துக்குக் கொண்டு போவது அதற்கு நல்லது. தாய்ப்பூனையும் குட்டிகளுக்கு முதலில் செத்த எலியையும், பிறகு அரை உயிரோடு உள்ளதையும் கொண்டு வந்து வேட்டை பழக்கும். நம் வீட்டுப் பூனைக்கு அந்தப் பயமில்லாத இடம் நம் குசினியும் வாசலும்தான். சொக்ஸையும் பந்தையும் கவ்விக்கொண்டு கத்தியபடி வருவதும் இந்தக் குணத்தின் தொடர்ச்சியே.

அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் 55 பூனைகளின் கழுத்தில் சிறிய கமரா கட்டிப் பார்த்தார்கள். பிடித்தவற்றில் வீட்டுக்கு வந்தது 23 சதவீதம் மட்டுமே. கிட்டத்தட்டப் பாதி, பிடித்த இடத்திலேயே கிடந்தது. நமக்குப் பரிசு தருவதுதான் நோக்கமென்றால் இவ்வளவையும் விட்டுவிட்டு வருமா?

இதற்காகப் பூனையை அடித்தால், எதற்கு அடி விழுந்தது என்று அதற்கு விளங்காது. உங்களுக்குப் பயப்பட மட்டும் பழகும். சாக்கில் போட்டு மீன் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருவது அதைவிட மோசம். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினி போட்ட பெண்ணின் ஹதீஸை மத்ரஸாவில் ஓதும் சின்னப் பிள்ளையும் சொல்லும். அதைக் கேட்டு வளர்ந்த நாம்தான் சாக்கையும் தேடுகிறோம்.

வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிச் சத்துக் கூடிய, தானியம் சேராத உணவு கொடுத்த வீடுகளுக்குப் பூனைகள் கொண்டு வந்த பிராணிகள் 36 சதவீதம் குறைந்தன. தினமும் 5 முதல் 10 நிமிடம் விளையாடிய வீடுகளில் 25 சதவீதம் குறைந்தன. கழுத்து மணியால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆகவே ஆணச் சோற்றோடு நிறுத்திவிடாமல் முள் எடுத்த மீனும் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். கயிற்று நுனியில் ஓர் இறகைக் கட்டிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் நமக்குப் புதிதல்ல. பேக்கைக் கையில் மாட்டி எடுத்துப் புதைத்துவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். எலி மருந்தும் வைக்காதீர்கள். மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனையும் செத்துப்போகும்.

வாசலில் எலும்புத் துண்டு கிடந்தால் எடுத்து எறிந்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். போகிற வழியில் பக்கத்து வீட்டுக்கு ஒரு ஸலாமும் சொல்லுங்கள்.