இளைஞர்களின் கார் கடன்: வரி குறைந்தது, சுமை குறையுமா?

புது தில்லி: சிறிய கார்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.5 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதமாகக் குறைத்தது. புதிதாக வேலையில் சேர்ந்த இளைஞர்கள் கடனில் கார் வாங்க இச்சலுகைகளே போதுமா என்பதுதான் கேள்வி.

ரூ. 6 லட்சம் விலையுள்ள காரை முன்பணமின்றி, 9 சதவீத வட்டியில் 7 ஆண்டுக் கடனில் வாங்குவதாகக் கொள்வோம். மாதத் தவணை சுமார் ரூ. 9,650, மொத்த வட்டி ரூ. 2.11 லட்சம். மூன்றாண்டு தவறாமல் செலுத்திய பிறகும் ரூ. 3.88 லட்சம் பாக்கியிருக்கும். காப்பீட்டுக் கணக்கிலோ காரின் மதிப்பு 40 சதவீதம் குறைந்து ரூ. 3.60 லட்சமாகிவிடும். அப்போது கார் திருடு போனால், இழப்பீடு முழுவதையும் வங்கிக்குச் செலுத்தினாலும் கடன் தீராது.

மாறாக, ரூ. 1.5 லட்சம் சேமித்து முன்பணமாகச் செலுத்தினால், அதே வட்டியில் ஐந்தாண்டுக் கடனுக்குத் தவணை ரூ. 9,340 மட்டுமே. வட்டியும் ஏறத்தாழப் பாதியாகிறது. மூன்றாண்டு முடிவில் பாக்கி ரூ. 2.04 லட்சம்தான்.

சம்பளதாரரின் சொந்த உபயோகக் கார் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை கிடையாது. 2019 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட மின்சார வாகனக் கடன் சலுகையும் 2023 மார்ச் 31-க்குப் பிறகு அனுமதிக்கப்பட்ட கடன்களுக்குப் பொருந்தாது.

எனவே, முன்பணம் சேரும்வரை காத்திருப்பதே இளைஞர்களுக்கு உகந்தது. அவசரத் தேவையெனில் பழைய கார் போதுமானது.