மிஸ்ஸிங்கும் சூடும்: எது முந்தியது?



வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வந்தால், "எது முதலில் வந்தது?" என்றே மருத்துவர் கேட்பார். காருக்கும் இக்கேள்வி பொருந்தும். என்ஜின் சீராக ஓடாமல் விட்டு விட்டு அடிப்பதை நம் மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்பர். வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடுவதை 'ஓவர் ஹீட்' என்பர். இரண்டும் ஒருங்கே தோன்றும்போது தனித்தனியே மருந்து தேடுவோர் பணத்தை இழப்பர். வந்த வரிசையை ஆராய்வோர் என்ஜினைக் காப்பர்.

தியாகதுருகத்து மக்களுக்கு இவ்விடர் புதிதன்று. சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடும் வண்டி, கச்சிராயபாளையத்தைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைப்பாதையில் மூச்சிரைக்கும். ஏற்றத்தில் என்ஜின் இழுக்கும் சுமை மிகுதி. வண்டியின் வேகமோ குறைவு. ஆதலின் ரேடியேட்டரில் மோதும் காற்றும் குறைகிறது. சமவெளியில் ஒளிந்திருந்த நோயை மலை வெளிப்படுத்திவிடுகிறது.

முதலில், மிஸ்ஸிங் முந்தி வந்த வகையைக் காண்போம். 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடருக்கு நான்கு சிலிண்டர்கள். அதே ஆண்டு நின்ற மாருதி 800-க்கு மூன்றே. மூன்றில் ஒன்று அடிக்கவில்லை எனில் வண்டியின் ஆற்றலில் மூன்றிலொரு பங்கு போயிற்று. ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மேலும் அழுத்துவார். மற்ற இரண்டும் அச்சுமையைத் தாங்கும். பிளக் தேய்வு, ஒயர் பழுது, காயில் கோளாறு ஆகியன இதற்குப் பொதுவான காரணங்கள். தீப்பொறி பிந்தி விழுந்தாலும், பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தாலும், மிஸ்ஸிங்கும் தோன்றும், சூடும் ஏறும். இவ்வகை பெரும்பாலும் சிறு செலவில் தீரும்.

சூடு முந்தி வந்து மிஸ்ஸிங் பிந்தி வருவதே அஞ்சத்தக்கது. மின்விசிறி சுழலாமை, தெர்மோஸ்டாட் திறவாமை, வாட்டர் பம்ப் பழுது, ரேடியேட்டர் அடைப்பு, ஹோஸ் கசிவு இவற்றில் ஒன்றால் என்ஜின் கொதிக்கிறது. அலுமினிய ஹெட் வளைகிறது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள கேஸ்கட் பழுதாகிறது. அவ்வழியே கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்து பிளக்கை நனைக்கிறது, மிஸ்ஸிங் தொடங்குகிறது. எரிந்த வாயுவோ எதிர்த்திசையில் கூலன்டுக்குள் புகுந்து, அதை வெளியே தள்ளுகிறது. நீர் குறையவே சூடு மேலும் ஏறுகிறது. ஒன்றையொன்று வளர்க்கும் இச்சுழலில் பிளக்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

இதை எவ்வாறு அறிவது? காலையில், என்ஜின் நன்கு ஆறியிருக்கும்போது பாருங்கள். வெளியே சொட்டு விழாமலே கூலன்ட் குறைகிறதா? ஸ்டார்ட் செய்ததும் சற்று நேரம் குலுங்கி, இனிய வாடையுள்ள வெண்புகையைத் தள்ளிப் பின்னர் சீராகிறதா? மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரில் குமிழிகள் ஓயாது வருகின்றனவா? கழற்றிய பிளக்குகளில் ஒன்று மட்டும் கழுவியதுபோல் தூய்மையாக உள்ளதா? ஆயில் பால் கலந்த தேநீர் போலாயிற்றா? இவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் கேஸ்கட்டையே ஐயுறுங்கள். கம்ப்ரஷன் சோதனையில் அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் அழுத்தம் குறைந்திருந்தால் ஐயம் பெரிதும் உறுதியாகும்.

புதிய கார்களில் ஸ்கேனர் பொருத்திப் பார்ப்பர். 'பி 0301' என்று காட்டினால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பொருள். எந்தச் சிலிண்டர் என்பதைத்தான் அது சொல்லும். ஏன் என்பதை மெக்கானிக்தான் கண்டறிய வேண்டும். என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும்.

தெர்மோஸ்டாட்டை வீட்டிலேயே சோதிக்கலாம். சமையலுக்கு இனிப் பயன்படுத்தாத பாத்திரத்தில் நீரில் இட்டுச் சூடேற்றுங்கள். அதன்மீது பொறித்துள்ள வெப்பநிலையை எட்டியதும் திறக்கத் தொடங்க வேண்டும். கொதிநீரிலும் மூடியே கிடந்தால் அதுவே குற்றவாளி.

வழியில் முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஓரமாக நிறுத்தி, என்ஜினையும் அணையுங்கள். பிள்ளைகளைச் சாலையை விட்டு விலக்கி அமரச் செய்யுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரியைக் கடந்தும் கொதியாது நிற்கும். திறந்த நொடியில் ஆவியாகச் சீறி முகத்தை வேகவைக்கும். அரைமணி நேரமேனும் பொறுங்கள். சூடான என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் விரிசல் காணக்கூடும்.

இன்னுமோர் எச்சரிக்கை, தாய்மார்களுக்கு. கூலன்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. மீதியைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

வெளிநாட்டு உழைப்பில் சேர்த்த தொகையால் பழைய கார் வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. விற்பவர் முன்னதாகவே என்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் காலை நேரத்து அறிகுறிகள் மறைந்துவிடும். ஆகவே, ஆறிய என்ஜினை உங்கள் கண்முன் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் விற்கும்போதோ, கசிவடைக்கும் மருந்தை ஊற்றி மறைக்காமல், குறையைச் சொல்லி விலையைக் குறையுங்கள். பொருளின் குறையை வாங்குபவரிடம் மறைப்பது நமக்கு ஆகாத வணிகம் என்பதை நினைவூட்டவும் வேண்டுமோ?

மெக்கானிக்கிடம் போகுமுன் மூன்றைக் குறித்துக் கொள்ளுங்கள்: எது முதலில் தோன்றியது, ஏற்றத்திலா சமவெளியிலா, ஆறிய நிலையிலா சூட்டிலா. இம்மூன்று விடைகளும் இருந்தால் அவர் பாதி நோயைக் கண்டறிந்தது போலத்தான்.

அடுத்த இதழில் பிரேக்கின் நலம் குறித்துக் காண்போம்.