பழைய பொட்டிக்குப் பேரீச்சம்பழம்?

முன்னாடியே சொல்லிடறேன் மக்கா, இது கோவத்துல எழுதற பதிவு.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு இலவச பாதுகாப்பு அப்டேட் கொடுக்கறதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திட்டாங்க. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே எங்க வீட்டுப் பொட்டி, "நான் விண்டோஸ் 11-க்கு லாயக்கில்லை"ன்னு புலம்ப ஆரம்பிச்சிடுச்சு. சரின்னு சிபியுவைத் துண்டுல சுத்தி மடியில வச்சிக்கிட்டு, மேல்சித்தாமூர்ல பஸ் ஏறி திண்டிவனம் போனேன். எந்தக் கடைங்கறது வேணாம். அந்தத் தம்பி மூடியைக்கூட கழட்டலை.

"நாலாவது ஜெனரேஷன்ணா இது. எடைக்குப் போட்டுட்டு புதுசு எடுத்துக்கங்க. முப்பத்தெட்டாயிரத்துல முடிச்சுத் தரேன்."

கையில இருந்தது நாலாயிரம். அதுவும் மல்லாட்டை வித்த காசு. வீட்ல அக்கா பொண்ணு பிளஸ் டூ படிக்கிறா, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பாடத்துல பைத்தான் இருக்கு. பொட்டி இல்லேன்னா அவ நோட்டுல எழுதி மனசுக்குள்ளதான் புரோகிராம் ஓட்டணும். செல்போன்ல பண்ணலாமேன்னு சொல்றவங்க, அந்த இத்துணூண்டு திரையில நாப்பது வரி அடிச்சுப் பாத்துட்டு வந்து பேசுங்க.

அந்தத் தம்பி மேல எனக்குப் பெரிய கோவம் இல்லை. யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வருது, அதுதான் எரிச்சல். "பழசாயிடுச்சு, தூக்கிப் போடு." எது பழசாச்சுன்னு ஒருத்தரும் சொல்றதில்லை. எங்க ஊர் கோயில் தேருக்கு அச்சு முறிஞ்சா அச்சைத்தான் மாத்துவாங்க. தேரையே வெட்டி அடுப்புல வைக்கிறதில்லை.

பொட்டியைத் திரும்ப வீட்டுக்கே தூக்கிட்டு வந்து பிரிச்சேன். ஐ3 பிராசஸர், எச்81 போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பிராசஸர் நல்லாத்தான் இருக்கு. மூச்சு வாங்கறது ஹார்ட் டிஸ்க். நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்தற தட்டு அது. தட்டுல அங்கங்க சிதறிக் கிடக்கற தகவல்ல ஒரு துண்டை எடுக்க, முள்ளு நகர்ந்து, தட்டு சுத்தி வந்து சேர பத்துப் பன்னெண்டு மில்லிசெகண்ட் ஆகும். அப்போ ஒரு செகண்டுக்கு சுமார் நூறு துண்டுதான். சுத்தற பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதே ஒரு செகண்டுல பல்லாயிரம் துண்டு எடுத்துத் தரும். ரேம் பத்தாதபோது பொட்டி பாரத்தையெல்லாம் இதே டிஸ்க் மேலதான் இறக்குது. அதனால, வியாதி இருக்கறது ரெண்டு உறுப்புல. இவங்க ஆளையே சுடுகாட்டுக்கு அனுப்பச் சொல்றாங்க.

அடுத்த வாரம் சாமான் வாங்கிட்டு வந்தேன். கணக்கு இதோ:

256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி - 1,650
பழைய 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒண்ணு - 450
சாட்டா கேபிள் - 60
போர்டுக்கு காசு பேட்டரி - 30
பிராசஸருக்குத் தடவற பேஸ்ட் - 100
மொத்தம் - 2,290 ரூபாய்.

முதல்ல பழைய டிஸ்க்ல இருந்த போட்டோ, டாக்குமென்ட் எல்லாத்தையும் வேற இடத்துல காப்பி எடுத்தேன். அப்புறம் பெயிண்ட் பிரஷ் வச்சு ஃபேன்ல இருந்த ஒட்டடையைத் தட்டினேன் (ஒரு குருவிக் கூடே கட்டலாம்). எச்81 போர்டுல நாலு சாட்டா போர்ட் இருந்தாலும் முழு வேகம் ரெண்டுலதான், அதுல ஒண்ணுல எஸ்எஸ்டியை மாட்டினேன். பழைய டிஸ்க் சேமிப்புக்குன்னு பக்கத்துலயே இருக்கு. முன்னாடி ஸ்விட்சைப் போட்டுட்டு டீ குடிச்சிட்டு வரலாம். இப்ப அரை நிமிஷத்துல எழுந்துக்குது.

இப்ப மைக்ரோசாஃப்ட்டுக்கு வரேன். விண்டோஸ் 11 வந்தது 2021 அக்டோபர்ல. இன்டெல்னா எட்டாவது தலைமுறை பிராசஸராவது வேணும் (விதிவிலக்கு ஒண்ணு ரெண்டுதான்), டிபிஎம் 2.0 வேணும்னாங்க. எட்டாவது தலைமுறை வந்ததே 2017-லதான். அந்த வருஷம் ஆரம்பத்துல கடன் வாங்கி ஏழாவது தலைமுறை புதுசா வாங்கினவனுக்கு, நாலே வருஷத்துல "உன் பொட்டி தேறாது"ன்னு சீட்டு கிழிச்சாச்சு. இதனால 24 கோடி கம்ப்யூட்டர் குப்பைக்குப் போகலாம்னு கேனலிஸ் நிறுவனம் 2023-லயே கணக்கு சொல்லுச்சு. 2022-ல மட்டும் உலகத்துல சேர்ந்த மின்குப்பை 6.2 கோடி டன். அதுல முறையா மறுசுழற்சி ஆனதா பதிவானது 22.3 சதவீதம்.

பாதுகாப்புக்குத்தானேன்னு கேப்பீங்க. நியாயம். அப்டேட் இல்லாத விண்டோஸ்ல பேங்க் வேலை பாக்காதீங்க, நானும் அதான் சொல்றேன். கூடுதல் அப்டேட் திட்டம் இருக்கு, ஆனா வீட்டுப் பயனாளிகளுக்கு அது 2026 அக்டோபர் 13 வரைக்கும்னுதான் அறிவிச்சாங்க. அது வாய்தா, தீர்ப்பு இல்லை. கிராக் போட்டுத் தரேன்னு சொல்றவங்க கிட்ட போறது, திருடன் கையில சாவி கொடுக்கற மாதிரி.

நான் லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். 2029 வரைக்கும் அப்டேட் உண்டு, காசு கிடையாது. "லினக்ஸா, நமக்கு சரிப்படாது"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு ஞாபகம். உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட் நிர்வாக இயக்குநரா இருந்தபோது, 2007 வாக்குலயே அங்க சூசே லினக்ஸ் கொண்டு வந்தாரு. 2011-ல ஆரம்பிச்ச விலையில்லா லேப்டாப்புகள்ல சென்னை சி-டாக் செஞ்ச பாஸ் லினக்ஸ் வந்துச்சு. எத்தனை வீட்ல அதைத் திறந்து பாத்தோம்? விண்டோஸ் 98-ல யூனிகோட் தமிழ் கொம்பு தனியா கால் தனியா தெரிஞ்சப்போ, இ-கலப்பையைப் பிடிச்சு உழுத கூட்டம்யா நாம. நமக்கு இது பெரிய மலையா? தமிழ்99 லினக்ஸ்லயும் நல்லாவே ஓடுது, இந்தப் பதிவே சாட்சி.

ஒத்துக்க வேண்டியதையும் ஒத்துக்கறேன். டாலி, போட்டோஷாப் வச்சு பொழைக்கறவங்களுக்கு இந்த வழி உதவாது. சில பிரின்டர் அடம் பிடிக்கும். டிடிஆர்2 காலத்துப் பொட்டின்னா ரேமுக்குக் காசைக் கொட்டாதீங்க. செகண்ட் ஹேண்ட் வாங்கப் போனா, விளம்பரத்துல "ஐ7"ங்கறதை மட்டும் பாத்து ஏமாறாதீங்க, எத்தனாவது தலைமுறைன்னு கேளுங்க. பழைய ஐ7-ஐ விட புது ஐ3 வேகமா ஓடறது சர்வ சாதாரணம்.

2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டர்களோட பசியில ரேம், எஸ்எஸ்டி விலையெல்லாம் எகிறிப் போச்சு. என் கணக்கு உங்க ஊர்ல இப்ப பொருந்தாம போகலாம். ஆனா ரேம் விலை ஏறினா புதுப் பொட்டி விலையும் சேர்ந்துதான் ஏறும். அப்போ இருக்கறதைத் தூக்கிப் போடறது இன்னும் பெரிய முட்டாள்தனம் இல்லையா?

நேத்து ராத்திரி அக்கா பொண்ணு கூப்பிட்டா. "மாமா, வந்து பாரு." திரையில பதினாறாம் வாய்ப்பாடு வரிசையா வந்து நின்னுச்சு, அவளே எழுதின புரோகிராம். முப்பத்தெட்டாயிரம் ரூபாய் பொட்டியிலயும் அதே பதினாறாம் வாய்ப்பாடுதான் வரும்.

டிஸ்கி: மூடியைக் கழட்டறதுக்கு முன்னாடி கரண்ட் ஒயரைப் பிடுங்கிடுங்க சாமி. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.