டிராக்டரின் ஆயுள் இரும்பில் மட்டுமா?

டிராக்டர்களுக்கான சரக்கு-சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. டயர் உள்ளிட்ட பல உதிரிபாகங்களுக்கான வரியும் 18-இலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. அதிலிருந்து எங்கள் ஊர்ப் பக்கம் தேநீர்க் கடைகளில் ஒரு வாதம் ஓயாமல் நடந்துவருகிறது. புதிதாக வரும் மினி டிராக்டர்கள் பழைய வண்டிகளைப் போல உழைக்குமா என்பதுதான் அது. நான்கு ஏக்கர் வைத்திருக்கும் உறவினர் ஒருவர், ஐந்தாறு லட்சம் கடன் வாங்கி மினி டிராக்டர் எடுப்பதா, அதில் பாதி விலைக்கு வரும் இருபது வயது 35 குதிரைத்திறன் வண்டியை வாங்குவதா என்று என்னிடம் கேட்டார். "அந்தக் கால இரும்பு வேறு, இந்தக் கால இரும்பு வேறு" என்று அவருக்கு ஏற்கெனவே பத்துப் பேர் சொல்லியிருந்தார்கள்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஒரு சாகுபடியாளரின் சராசரி நில அளவு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. இந்த அளவு நிலத்துக்குப் பெரிய டிராக்டர் பொருந்தாது. ஆள் பற்றாக்குறையோ ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. சிறு விவசாயியின் அடுத்த பத்தாண்டு எப்படிப் போகும் என்பது இந்தச் சிறிய வண்டி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதோடு பிணைந்திருக்கிறது. ஐந்து, ஏழு ஆண்டுகளுக்குத் தவணை கட்ட வேண்டியவருக்குத் தவணை முடியும் முன் வண்டி ஓய்ந்துவிட்டால் மீட்சி இல்லை.

இரும்பைப் பற்றிய பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். பழைய வடிவமைப்பின் வழிவந்த சுவராஜ் 724 வகை 25 குதிரைத்திறன் வண்டிக்கு இரண்டு சிலிண்டர். எஞ்சின் கொள்ளளவு சுமார் 1,800 கன சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 1,800 சுற்று. எடை 1,700 கிலோவுக்கு மேல். குபோட்டா பி2441 போன்ற இன்றைய மினி டிராக்டர் 24 குதிரைத்திறன் தருகிறது. அதற்கு மூன்று சிலிண்டர். கொள்ளளவு சுமார் 1,120 கன சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2,600 சுற்று. எடை 630 கிலோ அளவுதான். ஏறத்தாழ ஒரே திறன். எடையிலோ மூன்றில் ஒரு பங்கு சற்றேறக்குறைய. ஆயிரம் மணி நேர உழைப்பில் முன்னது 10.8 கோடி முறை சுழல, பின்னது 15.6 கோடி முறை சுழல்கிறது.

இதைக் கேட்டவுடன் "பார்த்தீர்களா, தேய்ந்துவிடும்" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சிறிய எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தொலைவும் குறைவு. ஆகவே, மொத்த ஓட்டத்தில் பிஸ்டன் கடக்கும் தூரம் இரண்டிலும் பெரிதாக வேறுபடுவதில்லை. எடைக் குறைவும் சிக்கனத்துக்காக மட்டும் செய்யப்பட்டதல்ல. இரு சக்கர உந்துதலில் மண்ணைப் பற்றிக்கொள்ளப் பழைய வண்டிக்குக் கனம் தேவைப்பட்டது. நான்கு சக்கர உந்துதலில் அந்தத் தேவை குறைகிறது. சேற்றில் புதையாமல் போகவும், தென்னந்தோப்பின் ஊடே நுழையவும் இந்த வண்டி இலேசாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒன்று உண்மை: பழைய வண்டியில் தவறைத் தாங்கிக்கொள்ளும் சேமிப்பு அதிகம். எண்ணெய் மாற்றுவதை இரண்டு மாதம் தள்ளினாலும், அளவுக்கு மீறிய கலப்பையை மாட்டினாலும், அது முனகிக்கொண்டே இழுத்துவிடும். சிறிய எண்ணெய்க் கொள்ளளவும் சிறிய பற்சக்கரங்களும் கொண்ட வண்டி அவ்வளவு மன்னிக்காது. அதன் பின்னால் செங்கல் டிரெய்லரை மாட்டிவிட்டு கிளட்ச் போய்விட்டது என்று குறைப்படுவோரை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய வண்டிகள் நீடித்தன என்ற நினைப்பிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. இன்று சாலையில் ஓடும் நாற்பது வயது டிராக்டர்கள் தப்பிப் பிழைத்தவை. அதே ஆண்டில் வாங்கப்பட்டு, காயலாங்கடைக்குப் போனவை நம் கண்ணில் படுவதில்லை.

எங்கள் வீட்டு வண்டியையே சொல்கிறேன். 1986-இல் என் தந்தை வாங்கிய 35 குதிரைத்திறன் டிராக்டர் இன்றும் கொட்டகையில் நிற்கிறது, உதைத்தால் ஓடும். ஊரார் அதைத்தான் சான்றாகக் காட்டுவார்கள். தந்தையின் கணக்கு நோட்டைப் புரட்டினால் வேறு கதை கிடைக்கிறது. 1994, 2003, 2013 என மூன்று முறை எஞ்சின் பிரிக்கப்பட்டு லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றப்பட்டிருக்கின்றன. கிளட்ச் பிளேட் ஐந்து முறை. டீசல் பம்ப் இரண்டு முறை. 1986-இல் வந்த வண்டியில் இன்று மிஞ்சியிருப்பது கியர் பெட்டியின் கூடும் பின் அச்சும் பதிவெண்ணும்தான் என்று சொன்னால் மிகையாகாது. நோட்டில் உள்ள டீசல் கணக்கை மணிக்கு மூன்றரை லிட்டர் என்று வகுத்தால், அது ஆண்டுக்கு 300 மணி நேரத்துக்கு மேல் ஓடியதில்லை. முதன்முறை எஞ்சினைப் பிரித்தபோது அது ஏறத்தாழ 2,400 மணி நேரமே உழைத்திருந்தது.

என் சித்தப்பா மகன் 2019-இல் ஒரு மினி டிராக்டர் வாங்கினான். சொந்த நிலம் ஐந்து ஏக்கர். மிச்ச நேரம் வாடகை உழவு. அவனுடைய ஹவர் மீட்டர் இப்போது 4,100 மணியைத் தாண்டிவிட்டது. எஞ்சின் இதுவரை பிரிக்கப்படவில்லை. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தந்தையின் வண்டி ஜாம்பவான். மணிக் கணக்கில் பார்த்தால் இந்தச் சின்ன வண்டி அதை எப்போதோ முந்திவிட்டது.

ஆனாலும் தம்பி அழுத கதை ஒன்று உண்டு. 2024 சம்பாப் பருவத்தில், சேற்றுழவின் நடுவே முன் அச்சில் கரகரவென்று சத்தம் வந்தது. ஆயில் சீல் கிழிந்து, சேற்று நீர் உள்ளே புகுந்து, பற்சக்கரத்தையும் பேரிங்கையும் தின்றிருந்தது. முன் அச்சின் எண்ணெயைக் குறித்த கால இடைவெளியில் பார்க்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது, விற்றவர் வாயால் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. மாவட்டத் தலைநகரில் உள்ள முகவரிடம் அந்தப் பாகம் இல்லை. வேறு மாநிலத்திலிருந்து வர வேண்டும் என்றார்கள். வண்டி 19 நாள் நின்றது. நாற்று முப்பது நாளைத் தாண்டி முற்றியது. கடைசியில் வாடகை வண்டி பிடித்து நடவை முடித்தான். தூர் கட்டாமல் போனதால் விளைச்சலில் விழுந்த அடியை அறுவடையில்தான் பார்த்தான். "வண்டி நல்ல வண்டிதாண்ணே, நின்னுட்டாத்தான் அனாதை" என்றான்.

தந்தையின் நோட்டில் வண்டி தொடர்ச்சியாக நான்கு நாளுக்கு மேல் நின்றதாக ஒரு பதிவுகூட இல்லை. அடிக்கடி கெட்டது, ஆனால், அன்றைக்கோ மறுநாளோ எழுந்துவிட்டது. கடைத்தெருவில் லேத் பட்டறை இருந்தது. மூன்று மெக்கானிக்குகளுக்கு அதன் ஒவ்வொரு திருகும் மனப்பாடம். லூதியானாவிலும் ராஜ்கோட்டிலும் சிறு தொழிற்கூடங்கள் செய்தனுப்பும் மாற்றுப் பாகங்கள் திருவாரூர்க் கடையிலேயே கிடைத்தன. பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி.யின் டிராக்டர் பிரிவை மூட 2016-இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்த பிறகும் அதன் வண்டிகள் வயலில் ஓடிக்கொண்டிருப்பதற்கு இந்தப் பட்டறை வலைதான் காரணம். ஆயுள் என்று நாம் புகழ்ந்ததில் பாதி அந்தக் கடைத்தெருவுக்குச் சொந்தம்.

புதிய வண்டி என்றாலே மின்னணு உணரிகளும் கணினியும்தான் கெடுக்கின்றன என்றொரு அச்சமும் பரவலாக இருக்கிறது. இது பெரும்பாலும் அமெரிக்கக் காணொளிகளிலிருந்து வந்த அச்சம். அங்கே 25 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டீசல் டிராக்டர்களில் புகைக்கரி வடிகட்டி வந்து, அதனால் எழுந்த தொல்லைகள் வேறு. நம் நாட்டில் 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த கடுமையான புகை விதிகள் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கே உரியவை. மினி டிராக்டர்களில் பெரும்பாலானவை இன்னும் பழைய முறை எந்திரவியல் டீசல் பம்புடன்தான் வருகின்றன. ஊர் மெக்கானிக்கின் கைக்கு அடங்கியவைதான் இவை. பாகமும் பயிற்சியும் மட்டும் அவரிடம் இல்லை. அதேசமயம், 2024 ஏப்ரலில் தொடங்கவிருந்து தள்ளிவைக்கப்பட்ட அடுத்த கட்ட விதிகள் சிறிய எஞ்சின்களையும் தொடக்கூடியவை. அன்று மென்பொருளின் திறவுகோல் யார் கையில் இருக்கும் என்பதை இப்போதே தீர்மானித்தாக வேண்டும்.

பழுதுநீக்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழுவை அமைத்தபோது, வேளாண் கருவிகளையும் அதன் பட்டியலில் சேர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. தகவல் தருவது நல்லதுதான். ஆனால், முகவரின் அலமாரியில் பாகத்தைக் கட்டாயமாக வைக்கும் அதிகாரம் இணையதளத்துக்குக் கிடையாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2023-இல் வேளாண் இயந்திரங்களுக்கென்றே சட்டம் இயற்றி, பாகங்களையும் கையேடுகளையும் மென்பொருளையும் உழவருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் தரும்படி செய்திருக்கிறது.

நம் அரசுகளிடம் இதற்கான பிடி ஏற்கெனவே இருக்கிறது. 2014-15 முதல் நடக்கும் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவர் ஆகியோருக்கு 50 சதவீதம் வரையும், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் மானியம் தரப்படுகிறது. மானியம் பெறும் வண்டி மத்தியப் பிரதேசத்தின் புத்னி போன்ற அரசு நிலையங்களில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சோதனை சில பத்து மணி நேர வயல் ஓட்டத்துக்குப் பின் வண்டியைப் பிரித்துத் தேய்மானத்தை அளக்கிறது. அரிய ஆவணம், ஆனால் வாங்குபவர் கண்ணுக்கு அது எட்டுவதில்லை. நாலாயிரம் மணி நேரத்துக்குப் பின் என்ன ஆகும் என்பதையும் அது சொல்லாது. மானியப் பட்டியலில் ஒரு வண்டியைச் சேர்ப்பதற்கு முன், அதன் அவசரப் பாகங்கள் மாவட்டத்துக்குள் பத்து ஆண்டுக்குக் கிடைக்கும் என்ற உறுதிமொழியையும் தமிழ்க் கையேட்டையும் கேட்டு வாங்க வேளாண்மைப் பொறியியல் துறைக்குத் தடை என்ன இருக்கிறது? வரி குறைந்த பாகம் கடையில் இல்லையென்றால், வரிக் குறைப்பால் உழவருக்கு என்ன பயன்?

உறவினருக்கு நான் மினி டிராக்டரையே பரிந்துரைத்தேன், ஒரு நிபந்தனையோடு. முகவரிடம் போய் விலையையும் தவணையையும் பேசும் முன், முன் அச்சு ஆயில் சீலையும் கிளட்ச் பிளேட்டையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். போன வாரம் இரண்டு முகவர்களிடம் போய்வந்திருக்கிறார். ஒருவர் சிரித்தாராம். இன்னொருவர் உள்ளே போய்த் தேடி, சீலை எடுத்துவந்து மேசையில் வைத்தாராம். கிளட்ச் பிளேட்டுக்கு நான்கு நாள் அவகாசம் கேட்டிருக்கிறார். அந்த நான்காவது நாளுக்காக உறவினர் காத்திருக்கிறார்.