சாமான் எடுக்க ஏலுமா?

சென்ற மாதம் கிரானில் என் தங்கை வீட்டு முற்றத்தில் ஒரு சிறு மாநாடு நடந்தது. விவாதப் பொருள் மடிக்கணினி. தங்கையின் மகள் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். ரொறன்ரோவில் வாழும் என் தம்பி, மருமகளுக்கு "இருப்பதிலேயே நல்லதொன்று" வாங்கி அனுப்புவதென்று தீர்மானித்துக் கைத்தொலைபேசித் திரையில் தோன்றியிருந்தான். அவன் காட்டியது தகடுபோல் மெலிந்த, வெள்ளி நிறப் பொறியொன்று. ஒரே பொறி; மூன்று படித்தரங்கள். நினைவகம், சேமிப்பகம், செயலி ஆகியவை ஏற ஏற விலையும் ஏறியது. முதற் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையில் 400 அமெரிக்க டொலர் வேறுபாடு. நம் பணத்தில் அது ஓர் இலட்சத்து இருபதினாயிரம் ரூபாவை ஒட்டி நிற்கும் தொகை.

முதற் படியே போதும் என்றாள் தங்கை. அண்ணன்மார் செலவழிப்பது அவளுக்கு என்றுமே கூச்சம். "ஐ-7 இல்லாவிட்டால் சரிவராதாம் மாமா" என்றாள் மருமகள், தோழிகள் சொன்னார்களாம். நானும் என் பங்குக்கு ஏதோ விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வாசலில் தன் லான்ட்மாஸ்டரின் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்த தங்கையின் கணவர் தலையை நிமிர்த்தாமலே ஒரு கேள்வி கேட்டார்.

"மச்சான், இதுக்குச் சாமான் எடுக்க ஏலுமா?"

நாங்கள் சிரித்தோம். இரவு படுத்தபோதுதான் உறைத்தது. அன்று அந்த முற்றத்தில் கேட்கப்பட்ட ஒரேயொரு அறிவுள்ள கேள்வி அதுதான். புலிபாய்ந்தகலுக்கு அப்பால் வயல் செய்யும் எந்த விவசாயியும் உழவு இயந்திரத்தின் நிறத்தைப் பார்த்து வாங்குவதில்லை. பெரும்போகத்தின் நடுவில் அது நின்றுபோனால் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், யார் கழற்றிப் பூட்டுவார் என்பதை விசாரித்த பிறகே விலை பேசுவான். மூன்று இலட்சம், நான்கு இலட்சம் ரூபா கொடுத்துக் கணினி வாங்கும் படித்தவர்களாகிய நாம் அந்த ஒரு கேள்வியைக் கேட்பதேயில்லை. கேட்காதிருக்கும்படி நம்மைப் பழக்கியிருக்கிறார்கள் என்பதே இப்பதிவில் நான் வைக்கும் குற்றச்சாட்டு.

*

மெல்லிய பொறிகளின் கதை 2008 ஜனவரியில் தொடங்குகிறது. ஸ்டீவ் ஜொப்ஸ் ஒரு கடித உறைக்குள்ளிருந்து மக்புக் எயாரை உருவி எடுத்தபோது உலகம் கைதட்டியது. அந்தப் பொறியின் நினைவகம் 2 ஜிபி. அது தாய்ப்பலகையோடு ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டிருந்தது. பின்னர் கூட்டிக்கொள்ள வழியில்லை. 80 ஜிபி வன்தட்டுள்ள பொறியின் விலை 1799 டொலர். 64 ஜிபி திண்மநிலைச் சேமிப்பகமும் சற்று வேகமான செயலியும் வேண்டுமென்றால் 3098 டொலர். படிக்கட்டு அன்றே கட்டப்பட்டுவிட்டது. கைதட்டிய நாம்தான் அதைக் கவனிக்கவில்லை.

2011 இல் தாய்பே நகரக் கண்காட்சியில் இன்டெல் நிறுவனம் 'அல்ட்ராபுக்' என்ற பெயரை அறிமுகம் செய்தது. 20 மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பு, ஆயிரம் டொலருக்கும் குறைந்த விலை என்பவை அன்று சொல்லப்பட்ட இலக்குகள். அதே ஆண்டில் இத்தகைய பொறிகளை வளர்ப்பதற்கென 300 மில்லியன் டொலர் நிதியொன்றையும் அது ஒதுக்கியது. அதன்பின் எல்லா நிறுவனங்களும் மெலிவதிலேயே போட்டி போட்டன. மெலிவின் பெயரால் முதலில் பற்றரி உள்ளே பூட்டப்பட்டது. பிறகு நினைவகம் ஒட்டப்பட்டது. பல பொறிகளில் சேமிப்பகமும் ஒட்டப்பட்டது. 2017 இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட சேர்பேஸ் மடிக்கணினியைப் பிரித்துப் பார்த்த ஐபிக்ஸிட் அமைப்பு, திருத்தும் வசதிக்கு அதற்குப் பத்துக்குப் பூச்சியம் புள்ளி வழங்கியது.

இப்போது விலையின் சூட்சுமத்துக்கு வருவோம். நினைவகத்தை நீங்களே பின்னர் கூட்டிக்கொள்ள முடியுமென்றால், விற்பவன் அதற்குச் சந்தை விலைக்கு மேல் அதிகம் கேட்க முடியாது. கூட்டவே முடியாதென்று ஒட்டிவிட்டால், வாங்கும் அந்த ஒரு கணத்தில் அவன் சொன்னதே விலை. அப்பிள் நிறுவனம் பல ஆண்டுகளாகக் கூடுதல் 8 ஜிபி நினைவகத்துக்கு 200 டொலர் அறவிட்டது. குறைந்தது 2017 முதல் எயாரின் தொடக்கப் படியில் 8 ஜிபி மட்டுமே இருந்தது. 2024 ஒக்டோபர் இறுதியில், விலையில் ஒரு சதமும் கூட்டாமல், தொடக்கப் படியையே 16 ஜிபி ஆக்கினார்கள். நேற்றுவரை 200 டொலர் பெறுமதியானது இன்று இலவசமானால், நேற்று அந்த 200 டொலர் எதற்காக வாங்கப்பட்டது? அந்த ஆண்டு மே மாதம் மைக்ரோசொப்ட் தனது புதிய வகைப் பொறிகளுக்குக் குறைந்தது 16 ஜிபி வேண்டுமென்று விதித்திருந்தது. செயற்கை நுண்ணறிவின் பசிக்கு 8 ஜிபி காணாது. தேவை அவர்களுக்கு வந்தபோது கொடை பிறந்தது.

தொடக்கப் படியின் விலைச்சீட்டு பெரும்பாலும் ஒரு தூண்டில். 2022 இல் வந்த எம்-2 செயலிப் பொறியில் 256 ஜிபி வாங்கியவர்களுக்கு ஒரேயொரு சேமிப்பகச் சில்லு வைத்துக் கொடுத்தார்கள். முந்திய தலைமுறையின் அதே அளவுப் பொறியோடு ஒப்பிட, வாசிப்பு வேகம் ஏறத்தாழப் பாதிக்கு இறங்கியதைச் சோதனைகள் காட்டின. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த எண் மாறவேயில்லை.

"ஐ-7" என்ற மந்திரமும் அவ்வாறானதே. 2016 இல் வந்த ஐ-7 7500யூ செயலிக்கு இரண்டு கருக்கள் மட்டுமே. மறு ஆண்டு வந்த ஐ-5 8250யூ செயலிக்கு நான்கு. கடைக்காரர் கண்ணாடியில் "ஐ-7" என்று பெரிதாக ஒட்டி, தலைமுறை எண்ணைச் சிறிதாக எழுதிவைத்தால் பழையது புதியதை விஞ்சிவிடும். மருமகளிடம் இதைச் சொன்னேன். "அப்போ பேருக்குத்தானா மாமா காசு?" என்றாள். பெரும்பாலும் ஆம், மகள்.

*

மறுதரப்புக்கும் நியாயம் சொல்ல வேண்டும். செயலிக்கு மிக அருகில் ஒட்டப்பட்ட நினைவகம் குறைந்த மின்சாரத்தில் வேகமாக இயங்குகிறது. பற்றரி நீண்ட நேரம் தாங்குகிறது. 2022 மார்ச் 31 ஆம் திகதி நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டை அனுபவித்த நாட்டவர் நாம். பற்றரியின் அருமையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகவே நினைவகம் ஒட்டப்பட்டதற்கு ஓரளவு நியாயம் உண்டென்று ஒப்புகிறேன்.

ஆனால் சேமிப்பகத்தை ஒட்டியதற்கு என்ன நியாயம்? கழற்றிப் பூட்டக்கூடிய சேமிப்பக அட்டைகளுள் சிறியது 22 மில்லிமீற்றர் அகலமும் 30 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது. ஒரு தபால் முத்திரைக்குச் சற்று மேல். பிறேம்வேர்க் என்ற அமெரிக்க நிறுவனம் 2021 முதல், பயனரே நினைவகம், சேமிப்பகம், பற்றரி, திரை அனைத்தையும் மாற்றக்கூடிய 13 அங்குலப் பொறியை விற்கிறது. அதன் எடை 1.3 கிலோ, தடிப்பு 15.85 மில்லிமீற்றர். எம்-2 எயாரின் தடிப்பு 11.3 மில்லிமீற்றர். வேறுபாடு நான்கரை மில்லிமீற்றர். கிரான் வயலில் விளையும் ஒரு நெல்மணியின் நீளங்கூட அது இல்லை. அந்த நெல்மணி மெலிவுக்காகத்தான் திருத்தும் உரிமையை விட்டுக்கொடுத்தோம். அந்நிறுவனத்தின் பொறி நம்மூர்க் கடைகளுக்கு வருவதில்லை. ஆயினும் 'முடியாது' என்ற வாதத்துக்கு அது வாழும் மறுப்பு.

இதை நான் ஏட்டறிவால் மட்டும் எழுதவில்லை. 2019 இல் நானும் அப்படியொரு மெல்லிய பொறியை வாங்கினேன்; தொடக்கப் படிதான். வாழைச்சேனை முதல் களுவாஞ்சிக்குடி வரை திரிந்து, 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியை நேரில் கண்ட முதியவர்களின் குரல்களை அதிற் சேமித்துவந்தேன். இடம் போதாமற் போகவே பழைய பிரதிகளை அழித்து அழித்து இடம் பண்ணினேன். 2022 இல் ஒருநாள் அது விழிக்கவில்லை. கொழும்பில் ஒரு திருத்துநர் பார்த்துவிட்டுத் தாய்ப்பலகை போய்விட்டது என்றார். புதிய பலகைக்கு அவர் சொன்ன விலையில் இன்னொரு கணினியே வாங்கலாம். சேமிப்பகம் அதே பலகையோடு ஒட்டியிருந்ததால் உள்ளிருந்தவற்றை எடுக்க வழியில்லை என்றும் சொன்னார். அந்த முதியவர்களுள் மூவர் இன்று இல்லை. அவர்களிடம் மீண்டும் போய்க் கேட்க முடியாது.

பிரதி எடுக்காதது என் தவறு, மறுக்கவில்லை. ஆயினும் கழற்றக்கூடிய ஓர் அட்டை உள்ளே இருந்திருந்தால், பலகை செத்தாலும் அந்த அட்டையை இன்னொரு பொறியிற் செருகி அந்தக் குரல்களைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பிருந்தது. என் சோம்பலுக்கு அவ்வளவு பெரிய தண்டனையை விதித்தது அந்தப் பொறியின் அமைப்பு.

*

புலம்பெயர்ந்து வாழும் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அன்பில் எமக்கு ஐயமில்லை. ஆனால் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பழுதான பொறியைப் பையிற் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போகலாம். கிரானிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர். மாரியில் கிரான் - புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கும்போது படுவான்கரைக்குப் போக வள்ளம் தேட வேண்டிய ஊர் இது. வாவியின் ஈரமும் வெக்கையும் இரும்பையே தின்னும். அங்கே வாங்கிய பொறியின் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதை, வாங்கு முன்னரே எழுத்தில் கேட்டறியுங்கள்.

இன்னொன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 203 ரூபா. மே மாதத்தில் 360. ஆயிரம் டொலர்ப் பொறியின் விலை இரண்டே மாதங்களில் ஒன்றரை இலட்சம் ரூபாவுக்கு மேல் ஏறிய நாடு இது. அவ்வாண்டின் தொடக்கத்தில் 8 வீதமாக இருந்த பெறுமதிசேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். "பழுதானால் புதிது வாங்குவோம்" என்பது உங்கள் ஊர்ப் பொருளாதாரம். இங்கே வாங்கும் பொறி ஏழெட்டு ஆண்டு உழைத்தாக வேண்டும்.

ஆகவே படித்தரங்களை எடைபோடும் ஒழுங்கைத் தலைகீழாக்குங்கள் என்கிறேன். முதலில், சேமிப்பகம் கழற்றக்கூடியதா என்று பாருங்கள். அடுத்து, நினைவகம் ஒட்டப்பட்டதென்றால் 16 ஜிபிக்குக் கீழே வாங்காதீர்கள்; அங்கே மிச்சம் பிடிக்கும் பணம் பின்னாளில் முழுப் பொறியின் விலையாகத் திரும்பி வரும். செருகக்கூடியதென்றால் குறைத்து வாங்கிப் பின்னர் கூட்டலாம். ஆனால் விலை இறங்குமென்று காத்திருக்க வேண்டாம். செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை விழுங்கத் தொடங்கிவிட்டன. 2025 டிசெம்பரில் மைக்ரோன் நிறுவனம், நம்போன்றோர் வாங்கும் 'குரூசியல்' வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. மூன்றாவது, பற்றரியை உள்ளூரில் மாற்ற முடியுமா என்பது. செயலி அதன் பிறகுதான். அதிலும் பெயரைவிடத் தலைமுறையைப் பாருங்கள். மிகைத் துல்லியத் திரைக்குக் கொடுக்கும் பணம் வீண். சிறு திரையில் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துல்லியம் பற்றரியைத்தான் குடிக்கும். தமிழில் தட்டெழுத, கட்டுரை படிக்க, விரிவுரை கேட்க இவற்றுக்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

பிரான்சு நாடு 2021 ஜனவரி முதல், விற்பனைக்கு வரும் மடிக்கணினிகளின் மேல் திருத்தத்தகு புள்ளியைப் பத்துக்கு இத்தனை என்று காட்டவேண்டுமெனச் சட்டமாக்கியது. அங்கே வாங்குபவன் கேட்காமலே பதில் பெட்டியின் மேல் இருக்கிறது. இங்கே நாம்தான் வாய்திறந்து கேட்க வேண்டும். கேட்பவர் தொகை பெருகினால் கடைக்காரரும் இறக்குமதியாளரும் பதில் தேடியே ஆகவேண்டும். நம் வயற்காரர்கள் உழவு இயந்திரம் விற்பவர்களை அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

மாநாட்டின் முடிவைச் சொல்லவில்லையே. தம்பியோடு மீண்டும் பேசினேன். 2024 இல் லெனோவோ வெளியிட்ட திங்க்பாட் டி-14 ஐந்தாம் தலைமுறைப் பொறியில் நினைவகத்துக்கு இரண்டு செருகுவாய்கள், சேமிப்பகமும் கழற்றக்கூடியது, ஐபிக்ஸிட் அதற்குப் பத்துக்கு ஒன்பது கொடுத்திருந்தது. அதில் அலுவலகப் பாவனையிலிருந்து திரும்பிய ஒன்றை வாங்குகிறான். மிஞ்சும் பணத்தில், பிரதி எடுத்து வைக்க ஒரு வெளித்தட்டு. அதை நான்தான் வற்புறுத்தினேன்.

பொறி கறுப்பு, கொஞ்சம் தடிப்பு. மருமகளுக்கு முகம் சற்று வாடியது உண்மை. மச்சான் படத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொறியின் அடிப்பாகத்தைப் பெருப்பித்துப் பார்த்தார்.

"ஆணி தெரியுது. கழட்டலாம்" என்றார்.