காட்டுக்கு நாய் எதற்கு?

பொங்கல் விடுமுறை நெருங்கினால் நம் வயதுக்காரர்கள் வீட்டில் இப்போது ஒரு புதுக் கேள்வி எழுகிறது. "நாயை என்ன செய்வது?" நாமெல்லாம் ஊருக்குப் போனபோது பால்காரரிடமும் பேப்பர்காரரிடமும் சொல்லிவிட்டு, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். இன்றைய பிள்ளைகள் நாயையும் காரில் ஏற்றிக்கொண்டு முதுமலை, மசினகுடி, பந்திப்பூர் என்று புறப்படுகிறார்கள். கூடாது என்பது என் கட்சி. எனக்கு நாய் பிடிக்காது போல என்று யாரும் நினைக்க வேண்டாம். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் அடுத்தடுத்து மூன்று நாய்கள் வளர்த்தவன் நான்.

முதலில், தேசியப் பூங்கா என்ற பெயரே சரியில்லை. பூங்கா என்றதும் சாயங்காலம் நாயை நடக்கக் கூட்டிப்போகும் இடம் என்றுதான் மனசில் படுகிறது. முதுமலை 1940ல் சரணாலயமான காடு. 2007ல் புலிகள் காப்பகம் ஆனது. மையப் பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர். அதன் நடுவே மைசூர் நெடுஞ்சாலை ஓடுகிறது. 2023ல் தெப்பக்காடு யானைக் குட்டிகளைப் பற்றிய படத்துக்கு ஆஸ்கர் கிடைத்த பிறகு கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம்.

சில வருஷம் முன்பு பொங்கலுக்கு மகன் குடும்பத்தோடு நானும் மனைவியும் அங்கே போனோம். பெங்களூரிலிருந்து புறப்பட்ட வண்டியில் நாங்கள் ஆறு பேர், பிரவுனி, சிம்பா என்று இரண்டு லாப்ரடார். "நாய்களை விட்டுவிட்டு வரலாம்டா" என்று மகனிடம் சொன்னேன். "அதுங்களும் ஃபேமிலிதான்ப்பா" என்றான். எல்லைச் சோதனைச் சாவடிக்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசை. அந்தச் சாலையில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, நாயை இறக்கவும் கூடாது. இரண்டும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இளைத்தன. ஒரு குரங்கு காரின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்ததும் இரண்டும் சேர்ந்து குரைத்த குரைப்பில் ஓரமாக மேய்ந்துகொண்டிருந்த புள்ளிமான்கள் ஒன்றுவிடாமல் புதருக்குள் மறைந்தன. பின்னால் வந்த காரில் ஒரு குழந்தை ஏமாந்து அழுதது.

வனத்துறை வேனில் நாய்க்கு அனுமதி இல்லை, யானை முகாமிலும் இல்லை. ஆகவே ஒருவர் காரிலேயே இருக்க வேண்டும். அது யார் என்று உங்களுக்கே தெரியும். மற்றவர்கள் யானையைப் பார்த்தார்கள், நானும் பிரவுனியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

காப்பகத்துக்குள் டென்ட் போட யாரையும் விடமாட்டார்கள். வெளியே தனியார் இடங்களில்தான் போட்டுத் தருகிறார்கள். அப்படி ஓரிடத்தில் தங்கினோம். நாய்க்குத் தனிக் கட்டணம் வாங்கினார்கள். ராத்திரி பத்து மணிக்கு இரண்டும் ஒரே திசையைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தன. காவலாளி டார்ச் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். "சார், முதல்ல நாயை உள்ளே இழுங்க. சிறுத்தைக்கு ஆடும் ஒண்ணுதான், இதுவும் ஒண்ணுதான்" என்றார். விடியும்வரை யாரும் கண்ணை மூடவில்லை. வந்தது சிறுத்தைதானா என்று யாரும் போய்ப் பார்க்கவும் இல்லை.

யானை விஷயம் இன்னும் மோசம். நாய் யானையைப் பார்த்தால் குரைக்கும். யானை துரத்தினால் எங்கே ஓடும்? நேராக எஜமானரிடம்தான். 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி பக்கம் டென்ட்டில் தங்கியிருந்த ஓர் இளம்பெண்ணை யானை தாக்கிக் கொன்றுவிட்டது. நாய் இல்லாமலே நடந்தது அது.

இதெல்லாம் நம்மைப் பற்றிய கவலை. காட்டைப் பற்றிய கவலை வேறு. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற நோயை வளர்த்தவர்கள் அறிவார்கள். அந்த வைரஸ் 1994ல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சுமார் ஆயிரம் சிங்கங்களைக் கொன்றது. சுற்றியிருந்த கிராமத்து நாய்களிடமிருந்து பரவியது என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். 2018ல் நம் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்தபோதும் அதே வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. முதுமலையில் சிங்கம் இல்லை என்று சமாதானம் சொல்ல முடியாது. புலி இருக்கிறது, செந்நாய் இருக்கிறது. செந்நாய் நம் நாயின் பங்காளி. நாய்க்கு வருவது அதற்கும் வரும்.

மகன் சில காலம் அமெரிக்காவில் இருந்தவன். "அங்கே நேஷனல் பார்க்கில் நாயோடுதான் கேம்பிங் போவாங்கப்பா" என்றான். உண்மைதான். ஆனால் அங்கேயும் ஆறு அடிக்கு மேல் நீளாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். பெரும்பாலான பூங்காக்களில் கார் போகும் சாலை, கூடாரம் போடும் இடம் அளவில்தான் நாய்க்கு அனுமதி, காட்டுப் பாதையில் கிடையாது. அத்தனை பரந்த நாட்டிலேயே அந்தக் கட்டுப்பாடு.

அவன் கேட்ட இன்னொரு கேள்விக்கு மட்டும் என்னிடம் சுலபமான பதில் இல்லை. "மசினகுடி தெருவெல்லாம் ஊர் நாய் சுத்துதே, அதை யார் கேட்கிறாங்க?" நியாயமான கேள்வி. ஊர் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும் கருத்தடை செய்வதும் அரசாங்கத்தின் வேலை. அது சரியாக நடக்கவில்லை என்றால் திட்டலாம், நானும் சேர்ந்து திட்டுவேன். ஆனால் அங்கே ஏற்கெனவே நாய் இருக்கிறது என்பது நாம் இன்னும் இரண்டைக் கொண்டுபோய் இறக்குவதற்குக் காரணம் ஆகாதே.

நீலகிரிக்குப் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். மறு வருஷக் கோடை சீசனுக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பும் கட்டியது. அந்தப் படிவத்தில் வண்டியில் நாய் உண்டா என்று கேட்டு, கூடவே தடுப்பூசிச் சீட்டையும் கேட்டால் என்ன? பிளாஸ்டிக் பாட்டிலுக்கு வண்டியைச் சோதிக்கிறவர்கள் நாயையும் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்திலும் கூடலூரிலும் மகளிர் குழுக்கள் நாய்களை ஒன்றிரண்டு நாள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் தொடங்கினால் அவர்களுக்கும் வருமானம். வெறுமனே கூடாது என்று பலகை வைத்தால் ஜனங்கள் நாயைக் காரில் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போவார்கள். அது இன்னும் பெரிய பாவம்.

நாம், ஓய்வு பெற்றவர்கள், செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ போகலாம். நமக்குத்தான் எல்லா நாளும் ஞாயிறாயிற்றே. பேரப்பிள்ளைகளுக்கு லீவு வேண்டுமே என்பதுதான் சிக்கல்.

இப்போதெல்லாம் மகன் எங்காவது கிளம்பினால் இரண்டையும் புதுப்பட்டினத்தில் எங்களிடம் விட்டுவிட்டுப் போகிறான். மனைவிக்கு வேலை அதிகம், எனக்குத் துணை அதிகம். காலையில் கடற்கரைப் பக்கம் நடக்கக் கூட்டிப்போகிறேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அதையும் நிறுத்திவிடுகிறேன். பங்குனி ஆமைகள் நம் மணலில் முட்டையிடும் காலம் அது. முட்டைக் குழியைத் தோண்டித் தின்பதில் நாய்கள் கெட்டிக்காரர்கள். நம் கடற்கரையில் நாயோடு நடக்கும் நண்பர்கள் அந்த மூன்று மாதமும் தெருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மணலில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கயிற்றைக் கையை விட்டு விடாதீர்கள்.