உப்புத்தாளும் ஒப்புரவும்



கோட்டூர்புரத்தில் வசிக்கும் நமது சபையின் மூத்த சகோதரர் ஒருவர், கடந்த சில மாதங்களாகத் தம் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய காரின் உடற்பகுதியைத் தம் கைகளாலேயே சீர்செய்து வருகிறார். காலஞ்சென்ற தம் தகப்பனாரின் கார் அது, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நம்மில் அறுபதைக் கடந்தவர்களுக்கு அந்தப் பெயரே போதும். இளையோருக்காகச் சொல்கிறேன்: 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த கார் அது. அதன் வடிவத்தை வரைந்தவர் மிக்கெலொட்டி என்னும் இத்தாலியர். 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அதைத் தாம்பரத்துக்கு அப்பால் பெருங்களத்தூரை ஒட்டியிருந்த தன் ஆலையில் உருவாக்கியது. அம்பாசடர் கல்கத்தாவின் கார், ஃபியட் பம்பாயின் கார் என்றால், ஹெரால்டு மதராஸின் கார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலய வளாகத்தில் அது வந்து நின்ற காலத்தை முதியவர்கள் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரோடு அடையாறு கரைபுரண்டபோது, கோட்டூர்புரத்து வீடுகளோடு அந்தக் காரும் மூழ்கியது. இருக்கை மட்டத்துக்குச் சேறு. தண்ணீர் வடிந்த பிறகு அதை ஒரு பட்டறைக்கு அனுப்பினார்கள். அந்நாட்களில் சென்னையின் பட்டறைகளிலெல்லாம் வண்டிகள் வரிசையில் நின்றன. அவசரம் எல்லோருக்கும் இருந்தது. சில வாரங்களில் கார் பளபளவென்று திரும்பி வந்தது. குடும்பத்தார் நன்றி ஜெபம் ஏறெடுத்தார்கள். அந்த ஜெபத்தை நடத்தியவன் நான்தான்.

மூன்றாம் ஆண்டு, கதவின் அடிவிளிம்பில் கடுகளவு கொப்புளங்கள் தோன்றின. பிறகு அவை காசளவாயின. ஒருநாள் சகோதரர் தம் விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போய்விட்டது.

வீடு சந்திப்புக்காக நான் சென்றிருந்த ஒரு சனிக்கிழமை, அவர் கையில் ஒரு சிறு காந்தத்தை வைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். காந்தம் இரும்பில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. மேலே பூசப்பட்ட பெயிண்ட் எவ்வளவு மினுக்கினாலும் காந்தத்தை ஏமாற்ற முடியாது. கூரையில் ஒட்டியது. முன்மூடியில் ஒட்டியது. கதவுகளின் கீழ்ப்பாதியில் வைத்தபோதெல்லாம் நழுவி விழுந்தது. பட்டறைக்காரர்கள் துருவைச் சுரண்டாமல், ஓட்டைக்குள் காகிதத்தையும் கம்பிவலையையும் திணித்து, அதன்மேல் விரற்கனத்துக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடித்திருந்தார்கள். தகட்டின் இடத்தில் பட்டி நின்றுகொண்டிருந்தது. "ஐயா, எட்டு வருஷமா இதைத்தான் நான் துடைச்சுத் துடைச்சு வச்சிருந்தேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஊழியத்தில் செய்த ஒரு காரியம் நினைவுக்கு வந்துவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

லேவியராகமம் பதினான்காம் அதிகாரத்தின் பிற்பகுதியை நாம் பிரசங்கங்களில் அதிகம் எடுப்பதில்லை. வீட்டுச் சுவரில் தோன்றும் தோஷத்தைப் பற்றிய சட்டம் அது. வீட்டுக்காரன் தானே ஆசாரியனிடம் வந்து, என் வீட்டில் ஏதோ தெரிகிறது என்று அறிவிக்கவேண்டும். ஆசாரியன் வந்து பார்க்கிறான். பச்சையோ சிவப்போ ஆன குழிகள் சுவரின் மேற்பரப்பைவிட ஆழமாக இறங்கியிருக்கின்றனவா என்பதே அவன் முதலில் கவனிப்பது. உடனே தீர்ப்புச் சொல்வதில்லை. ஏழு நாள் வீட்டைப் பூட்டிவைக்கிறான். ஏழாம் நாள் மறுபடி வருகிறான். தோஷம் பரவியிருந்தால், அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே போடவும், உட்புறம் முழுவதையும் சுரண்டவும் கட்டளையிடுகிறான். அதன் பிறகே வேறு கற்கள், வேறு சாந்து. அதற்குப் பிறகும் ஒருமுறை பார்வையிடுகிறான். பூசிய பின்னும் திரும்ப வந்தால் வீடு இடிக்கப்படும். வராவிட்டால் வீடு சுத்தமென்று அறிவிக்கப்பட்டு, அதற்காகப் பாவநிவிர்த்தி செய்யப்படும்.

இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். பூச்சு வேலை இருக்கிறது; கர்த்தர் அதை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அது வரிசையில் கடைசிக்கு அருகே வருகிறது. அதற்கு முன்னால் அறிவிப்பு, ஆய்வு, காத்திருப்பு, பெயர்த்தல், சுரண்டல் என்று ஐந்து படிகள் நிற்கின்றன. எசேக்கியேல் பதின்மூன்றாம் அதிகாரத்தில் கர்த்தர் கடிந்துகொள்ளும் தீர்க்கதரிசிகள் இந்தப் படிகளையெல்லாம் தாண்டி நேரே பூச்சுக்குப் போனவர்கள். சமாதானம் இல்லாத இடத்தில் சமாதானம் என்று சொன்னவர்கள். பெருமழை பெய்தபோது அந்தச் சுவரின் அஸ்திபாரமே வெளியே தெரிந்தது.

நமது திருச்சபைகளில் ஒப்புரவு என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதி இந்தப் பட்டி வேலைதான் என்பது என் கருத்து. கடுமையான வார்த்தை என்று தோன்றலாம். என்னையே முதலில் குற்றப்படுத்திக்கொண்டு எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு ஊரில் நான் போதகராயிருந்தபோது, சகோதரர் இருவருக்குள் வழக்கு இருந்தது. தகப்பன் விட்டுச்சென்ற வீட்டை விற்றபோது, மூத்தவர் ஒரு காகிதத்தில் இளையவரிடம் விளக்காமல் கையெழுத்து வாங்கிவிட்டார் என்பது குறை. ஆலயத்தில் இருவரும் எதிரெதிர் வரிசைகளில் உட்காருவார்கள். பெரிய வியாழன் மாலை, திருவிருந்து ஆராதனைக்கு முன்பாக இருவரையும் ஆலய அறைக்கு அழைத்தேன். மன்னிப்பைப் பற்றி ஒரு வேதபாகத்தை வாசித்தேன். ஜெபித்தேன். கைகொடுக்கச் சொன்னேன், கொடுத்தார்கள். அரைமணி நேரமும் ஆகவில்லை. அன்றிரவு இருவரும் அருகருகே முழங்காற்படியிட்டதைக் கண்டு சபையார் கண்ணீர் விட்டார்கள். எனக்கும் உள்ளூர ஒரு பெருமிதம்.

நான்காம் ஆண்டு அவர்களுடைய தாயார் மரித்தபோது, ஒரே வீட்டில் இரண்டு பந்தல்கள் போடவேண்டியதாயிற்று. பிற்பாடு இளையவர் என்னிடம் சொன்னார்: "ஐயா, அன்றைக்கு என்ன நடந்தது என்று நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரிடமும் கேட்கவில்லை. எங்களைப் படத்துக்கு நிற்க வைத்ததுபோல் நிற்க வைத்தீர்கள்." மூத்தவர் இன்று நம்மோடு இல்லை. இளையவரின் அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன்.

துரு எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த முற்றத்தில்தான் கற்றேன். இரும்பு, நீர், காற்று ஆகிய மூன்றும் கூடினால் துரு பிறக்கிறது. உப்பு சேர்ந்தால் விரைகிறது. கடற்காற்று வீசும் அடையாறு, பெசன்ட் நகர், சாந்தோம் பகுதிகளில் வீட்டு ஜன்னல் கம்பிகளைப் பாருங்கள், தெரியும். அலுமினியத்தின்மேல் படியும் ஆக்சைடு இறுகிய மெல்லிய ஏடாக நின்று, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவோ பஞ்சு போன்றது. ஈரத்தை உறிஞ்சித் தன்னிடத்தில் வைத்துக்கொள்கிறது. தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலிருக்கும் பெயிண்ட்டைத் தூக்குகிறது. பட்டிக்குக் கீழே மூடப்பட்ட துரு உறங்குவதில்லை. நமக்குத் தெரியாமல் பக்கத்துத் தகட்டுக்கும் நடக்கிறது. அந்தச் சகோதரர்களின் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டபோது, துரு எங்கே நடந்திருக்கிறது என்று விளங்கிற்று.

இன்னும் பாரமான ஒன்றையும் சொல்லியாகவேண்டும். கணவன் கை ஓங்கும் வீட்டிலிருந்து ஒரு மகள் தாய்வீட்டுக்கு வந்தால், நம்மில் எத்தனை பேர், மூப்பர்களும் போதகர்களும் உட்பட, முதலில் அவளிடம், "மன்னித்துவிடம்மா, சபையில் பேச்சாகிவிடும்" என்று சொல்கிறோம்! மன்னிக்கும்படி அவளிடம் கேட்கிறோம். மனந்திரும்பும்படி அவனிடம் கேட்பதில்லை. பழையவைகள் ஒழிந்துபோயின என்ற பவுலின் வார்த்தையைப் பட்டிக் கத்திபோல் பிடித்துக்கொண்டு ஓட்டையை அடைக்கிறோம். அவள் திரும்பிப்போகும் வீடு பாதுகாப்பானதா என்று பார்த்து அறியும் பொறுப்பு நமக்கு உண்டு. அதை அறியும் வரை அவளைத் திருப்பி அனுப்புவதற்குச் சமாதானம் என்ற பெயர் பொருந்தாது.

யோசேப்பின் சரித்திரத்தை நாம் மன்னிப்பின் சரித்திரமாக வாசிக்கிறோம், அது சரியே. ஆனால் ஆதியாகமம் 42 முதல் 45 வரை பொறுமையாக வாசித்துப் பாருங்கள். சகோதரர்கள் முதல்முறை வந்து பணிந்தபோதே யோசேப்பு அவர்களைக் கட்டித் தழுவியிருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. வேறு முகம் காட்டினான். சிமியோனைப் பிடித்துவைத்தான். பென்யமீனை அழைத்துவரச் சொன்னான். பாத்திரத்தை அவன் சாக்கில் வைத்தான். இடையிடையே தனியே போய் அழுதான். ஆகவே அவன் மனம் கல்லாயிருக்கவில்லை. ஒரு காலத்தில் தம்பியை விற்கலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, இப்போது தம்பிக்காகத் தன்னையே அடிமையாகக் கொடுக்க முன்வந்த நேரத்தில்தான் யோசேப்பு தன்னை வெளிப்படுத்தினான். அதுவரை காந்தத்தை வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. சகேயுவும் அப்படியே. இயேசு அவன் வீட்டில் தங்கியதை அவன் வெறும் விருந்தாக முடித்துக்கொள்ளவில்லை. யாரிடம் எவ்வளவு எடுத்தேன், எத்தனை மடங்காகத் திருப்புவேன் என்று கணக்கோடு எழுந்து நின்றான்.

"பழையதையே கிளறிக்கொண்டிருந்தால் முடிவு எங்கே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, சிலருக்குக் காயத்தைச் சுரண்டுவதே ஒரு சுகமாகிவிடுகிறது என்பதை நான் அறிவேன். இதற்கும் அந்த முற்றத்தில் ஒரு பாடம் கிடைத்தது. அந்தக் கார்த் தகட்டின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். கிரைண்டரை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் தகடு சூடேறி நெளிந்துவிடும். இன்னும் அழுத்தினால் நல்ல தகடே கிழியும். அதனால் சகோதரர் முரட்டு வேலைக்கு மட்டும் கிரைண்டரை எடுத்தார். மற்றதெல்லாம் கம்பி பிரஷ், பிறகு உப்புத்தாள், பிறகு தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர். வெள்ளை உலோகம் தெரிந்த இடத்தில் கை நின்றுவிடும். லேவியராகமத்திலும் சுரண்டுதல் ஓயாமல் நடப்பதில்லை. நாள் குறிக்கப்பட்டிருக்கிறது, எல்லை குறிக்கப்பட்டிருக்கிறது.

மற்றொன்று: சுரண்டி முடித்த வெறும் இரும்பைச் சென்னையின் ஈரக்காற்றில் ஒரே ஓர் இரவு விட்டுவைத்தாலும் காலையில் அதன்மேல் செம்மை படர்ந்திருக்கும். ஆகையால் அன்றன்றைக்குச் சுரண்டிய அளவுக்கு அன்றன்றைக்கே ப்ரைமர் அடித்துவிடவேண்டும். ஒரே நாளில் முழுக் கதவையும் சுரண்டிவிட ஆசைப்படக்கூடாது. இதைக் கேட்டபோது, மத்தேயு பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன, பெருக்கி ஜோடிக்கப்பட்டும் குடியிருப்பவர் இல்லாத அந்த வீடு என் கண்முன் நின்றது. ஒருவருடைய பாவத்தை அறிக்கை செய்யவைத்து, அதே இரவு அவரைத் தனியே விட்டுவிட்டுப் போகும் சபை என்ன செய்கிறது என்று யோசித்தேன். அறிக்கை செய்தவரின் வீட்டுக்கு மறுநாள் ஒருவராவது போகவேண்டாமா?

பழுது எங்கே தொடங்கிற்று என்பதையும் அவர் காட்டினார். கதவுகளின் அடியில், உள்ளே இறங்கும் மழைநீர் வடிந்துபோவதற்காக, செய்தவர்களே சிறு துளைகளை விட்டிருக்கிறார்கள். வெள்ளச் சேறும் வேப்பஞ்சருகும் அவற்றை அடைத்திருந்தன. பட்டறைக்காரர்கள் அவற்றின்மேலும் பட்டி பூசியிருந்தார்கள், பார்வைக்கு நேர்த்தியாக இருக்கட்டும் என்று. உள்ளே வந்த நீருக்கு வெளியேற வழியில்லை. இப்போது சகோதரர் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு கம்பியால் அந்தத் துளைகளைக் குத்திவிடுகிறார். நம் வீடுகளில் பிள்ளைகள், "அப்பா, நீங்கள் செய்தது எனக்கு வலித்தது" என்று சொல்ல ஒரு துளை திறந்திருக்கிறதா? நமது சபைக் கமிட்டியில், "கணக்கை எனக்கு விளக்குங்கள்" என்று ஒருவர் கேட்டால், அவரை விசுவாசமற்றவர் என்கிறோமா? இரண்டாவது கேள்வியை நான் நமது சபையை மனதில் வைத்துத்தான் கேட்கிறேன்.

இரு காரியங்களைத் தெரிவித்துக்கொள்கிறேன். இனி வழக்கோடு என்னிடம் வருகிற எவரையும் முதல் சந்திப்பிலேயே கைகொடுக்கச் சொல்லமாட்டேன். இருவரையும் தனித்தனியே கேட்பேன். பத்திரமோ கணக்கோ இருந்தால் கொண்டுவரச் சொல்வேன். குறைந்தது இரண்டாம் முறையாவது சந்திப்பேன். பண்டிகைக்கு முன் முடியாவிட்டால் பண்டிகைக்குப் பின் முடியட்டும். அடித்து விரட்டப்பட்டு வருகிற சகோதரிகளை முதலில் சந்திக்க, நமது பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இருவர் மனமுவந்து இசைந்திருக்கிறார்கள். அவர்களிடம் நேரடியாகப் பேசலாம்; என் வழியாக வரவேண்டியதில்லை.

காரைப் பற்றி விசாரிப்பவர்களுக்கு: வலப்பக்கக் கதவுகளுக்குப் புதிய தகடு வெட்டிப் பற்றவைத்தாகிவிட்டது. கிடைக்காத ஒரு கீலைச் சகோதரர் புதுப்பேட்டையில் மூன்று நாள் அலைந்து கண்டுபிடித்தார். இடப்பக்கம் இன்னும் சாம்பல்நிற ப்ரைமரில் நிற்கிறது. ப்ரைமர் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், மழைக்காலம் முடியும்வரை தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார். மேல்பூச்சு தை மாதத்துக்குப் பிறகுதானாம். அதுவரை அண்டை வீட்டார், "இன்னுமா முடியவில்லை?" என்று கேட்டுக்கொண்டுதான் போகிறார்கள்.